சுகந்தி கேட்ட பதம்

"சுகந்தி போயிட்டா அக்கா."

மாடிப்படி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் மாதங்கி இதைச் சொன்னாள். தோள்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

கீழே டயர் கடையில் யாரோ சக்கரத்தைச் சம்மட்டியால் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓயட்டும் என்று வடிவாம்பாள் காத்திருந்தாள்.

"மொதல்ல உக்காரு. எந்தச் சுகந்தி?"

"ஊருணி ஆடுறவ."

"ம்."

கும்பகோணத்தில் அந்த டயர் கடை மாடியில்தான் வடிவாம்பாள் நாட்டியம் சொல்லிக்கொடுத்தாள். மாதங்கி அவளிடம் படித்தவள். இருவருக்கும் வயது வித்தியாசம் பெரிதாக இல்லை. மாதங்கிக்கே ஐம்பது தாண்டிவிட்டது. சென்னையில் சொந்தக் குழு வைத்து, வெளிநாடு வரைக்கும் போய், பேரும் எடுத்துவிட்டாள். ஆனாலும் எங்கேயாவது கால் இடறினால் இந்தப் படியைத்தான் ஏறுவாள்.

சாமி கதையும் ராஜா கதையும் போதும், மனிதர் படும் பாட்டை ஆடுவோம் என்று கிளம்பியவள் மாதங்கி. செங்கல் சூளையை ஆடவைத்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கல்யாணம் செய்துவைக்கப்பட்ட சிறுமியை ஆடவைத்தாள். எல்லாவற்றிலும் பேர் வாங்கியது ஊருணி.

பானையோடு ஊருணிக்கு வருகிறாள் ஒரு சேரிப் பெண். இறங்கவிடாமல் ஊரார் நால்வர் மறிக்கிறார்கள். சுற்றிச் சுற்றி வருகிறாள். கெஞ்சுகிறாள். பானை உடைகிறது. கடைசியில் இரண்டு கையையும் குவித்து ஏந்தியபடி நிற்கிறாள். தண்ணீர் வருவதில்லை. விளக்கு அணைகிறது.

அரங்கம் கொஞ்ச நேரம் கைதட்டக்கூட மறந்து உட்கார்ந்திருக்கும்.

அந்தப் பெண்ணாக ஆடியவள்தான் சுகந்தி.

"இன்னொருத்திய நிறுத்து" என்றாள் வடிவாம்பாள்.

"நிறுத்திப் பார்த்தேன். கால் சரியா இருக்கு, கை சரியா இருக்கு. யாருக்கும் அழுகை வரல."

"அவங்க அழறதுக்கா நீ ஆட்டத்தக் கட்டின?"

மாதங்கி பையிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவிழ்க்கும்போதே உள்ளே சலங்கை முனகியது.

"சண்டை இல்ல அக்கா. கோவம் இல்ல. திருச்சியில ஆடி முடிச்சா. மேடையை விட்டு எறங்கினதும் சலங்கையைக் கழட்டித் தொடச்சு, என் கையில குடுத்தா. 'போதும் டீச்சர்'னா. அவ்வளவுதான். புவனகிரிக்குப் போயிட்டா. போன் பண்ணா எடுக்கிறா. 'நல்லா இருக்கீங்களா டீச்சர்'ங்கிறா. 'வா'ன்னா மட்டும் பேச்சு நின்னுடுது."

"உனக்கு என்ன வேணும் இப்ப?"

"அவ வேணும்."

"ஆட்டத்துக்கா?"

மாதங்கி சலங்கையைப் பார்த்தாள்.

"ஒத்திகையில அவ நிக்கிற இடத்துக்குப் போய் என் கண்ணு தானா நிக்குது அக்கா. அங்க வேற பொண்ணு நிக்கிறா. கண்ணு அவளைத் தாண்டித் தேடுது."

வடிவாம்பாள் எழுந்து தட்டுக்கழியை எடுத்தாள். தாளம் போடுகிற அந்தக் கழி பிடி தேய்ந்து பளபளவென்றிருந்தது.

"ஆடிக் காட்டு."

"யாரு, நானா?"

"நீதானே கட்டின?"

"நான் முன்னால உக்காந்து சொல்லிக்கொடுத்தேன். ஆடினதில்ல."

"இன்னிக்கு ஆடு."

மாதங்கி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பயிற்சிக்கு உடுத்துகிற பழைய நூல் புடவை, சாயம் போனது.

"மறிக்கிற நாலு பேரு யாரு?" என்று கேட்டாள் வடிவாம்பாள்.

"முகமூடி போட்டிருப்பாங்க அக்கா. யாருன்னு தெரியக்கூடாது. அது எல்லாரையும் குறிக்கும்."

"உன் குழுப் பொண்ணுங்கதானே முகமூடிக்குள்ள?"

"ஆமாம்."

"ம். ஆடு."

ஆடினாள். முழங்கால் வலித்தது, ஆனாலும் ஆடினாள். தானே கட்டிய ஆட்டம், தன் உடம்புக்குப் புதிதாக இருந்தது. முடிவில் இரண்டு கையையும் ஏந்தி நின்றாள்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஆசிரியை கழியைக் கீழே வைக்கிறவரை கடைசி நிலையைக் கலைக்கக் கூடாது.

வடிவாம்பாள் கழியைக் கீழே வைக்கவில்லை. அக்குளில் இடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பால் பொங்குகிற சத்தம் கேட்டது. டம்ளரில் ஆற்றுகிற சத்தம் கேட்டது. குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

மாதங்கி ஏந்திய கையை இறக்காமல் அப்படியே நின்றிருந்தாள்.

"நாளைக்கும் ஆடு" என்று சொல்லிவிட்டுக் கழியை வைத்தாள்.

மறுநாள் பார்ப்பதற்கு ஓர் ஆள் வந்திருந்தாள். டயர் கடைக்காரர் மனைவி சம்ஷாத். நல்ல பருமன், நல்ல மனசு. முழங்காலைத் தடவிக்கொண்டே சுவரோரம் உட்கார்ந்தாள்.

மாதங்கி ஆடினாள். பானை உடைகிற இடத்திலேயே சம்ஷாத் முந்தானையால் கண்ணை ஒற்றத் தொடங்கிவிட்டாள். கை ஏந்தி நின்றபோது விசும்பல் கேட்டது.

மாதங்கிக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். என் ஆட்டம் இன்னும் செத்துப்போகவில்லை.

கடைத்தெருவுக்குப் போக மாதங்கி படி இறங்கியபோது, பின்னாலேயே வந்த சம்ஷாத் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, இப்பவாவது உங்க ஊருல தண்ணி எடுக்க விடுறாங்களா?"

"எங்க ஊருலயா?"

"வெக்கப்படாதீங்க. இதுல உங்க தப்பு என்ன இருக்கு?"

"இல்லம்மா, அது நான் இல்ல. நான் மயிலாப்பூர்."

"இப்ப மயிலாப்பூரு. சரி. நல்லா இருக்கட்டும்." சம்ஷாத் அவள் புடவையை மேலும் கீழும் பார்த்தாள். "கொஞ்சம் நில்லுங்க."

கடைக்குப் பின்னால் போய், மடித்த புடவை ஒன்றை எடுத்துவந்து அவள் கையில் திணித்தாள்.

"ரெண்டு தடவைதான் கட்டியிருக்கேன். வச்சுக்குங்க."

"எனக்குப் புடவை இருக்கும்மா. நெறைய இருக்கு."

"இருக்கட்டுமே. அக்கா குடுக்கிறதா நெனச்சுக்குங்க."

திருப்பிக் கொடுத்தால் அந்த அம்மாள் மனசு நோகும். வாங்கிக்கொண்டால் தன் மனசு நோகும். மாதங்கி வாங்கிக்கொண்டாள்.

அடுத்த நாள் சம்ஷாத் தன் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"இவங்கதான் நான் சொன்னவங்க" என்றாள், மெல்லிய குரலில், நோயாளியைக் காட்டுவதுபோல.

நாத்தனார் மாதங்கியைப் பார்த்துத் தலையை ஒருபக்கம் சாய்த்து 'உச்' கொட்டினாள். ஆட்டம் இன்னும் தொடங்கவே இல்லை.

"நான் ஆடல அக்கா" என்றாள் மாதங்கி.

"ஏன்?"

"முடியல."

"முழங்காலா?"

"முழங்கால் இல்ல."

வடிவாம்பாள் அந்த இரண்டு பெண்களுக்கும் காபி கொடுத்து, நாளை வரச்சொல்லி அனுப்பிவைத்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். கழி மடியில் கிடந்தது.

"அவங்ககிட்ட என்னைப் பத்தி என்ன சொன்னீங்க?" மாதங்கியின் குரல் உயர்ந்திருந்தது. "ஆடறதுக்கு முன்னாலேயே பரிதாபப்படறாங்க! நான் சிரிச்சாக்கூடப் பரிதாபமாப் பாக்கறாங்க. காபி குடிச்சா, குடிக்கட்டும் பாவம்னு பாக்கறாங்க. என்ன சொன்னீங்க?"

"நீ மேடையில சொல்றதத்தான் சொன்னேன்."

"நான் என்ன சொல்றேன்?"

வடிவாம்பாள் மேடையில் பேசுகிறவர்களின் குரலை வரவழைத்துக்கொண்டாள்.

"'இதை ஆடுபவள் இந்த வாழ்க்கையிலிருந்தே வந்தவள்.'"

கீழே சம்மட்டி இரண்டு தட்டு தட்டி நின்றது.

மாதங்கிக்கு அது தன் குரல் மாதிரியே கேட்டது. ஒவ்வோர் ஊரிலும், விளக்கு ஏற்றியதும், ஒலிபெருக்கி முன்னால் நின்று அவள் சொல்கிற வரி. சொல்லும்போது அவளுக்கே மெய்சிலிர்க்கும். மேடை ஓரத்தில் சுகந்தி பானையோடு நின்றுகொண்டிருப்பாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தஞ்சாவூர்ல ஆடினப்ப வந்தேன். கடைசி வரிசை."

"வந்தீங்களா? சொல்லவே இல்லியே அக்கா!" மாதங்கி சட்டென்று சின்னப் பெண்போல ஆகிவிட்டாள். "எப்படி இருந்தது?"

"சுகந்தி நல்லா ஆடினா."

மாதங்கி இன்னும் ஏதாவது வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

வடிவாம்பாள்தான் கேட்டாள். "அந்தப் பொண்ணு உன்கிட்ட என்னிக்காவது எதாவது கேட்டிருக்காளா?"

"அவ கேக்கவே மாட்டா. சம்பளம்கூட நானா குடுத்தாத்தான்."

"யோசி."

மாதங்கி யோசித்தாள்.

"ஒரு பதம் ஆடக் கேட்டா, ஒரு தடவை."

"எந்தப் பதம்?"

"நீங்க எனக்குச் சொல்லிக்கொடுத்த காதல் பாட்டு. 'உறங்கிப் போனாளென்று சொல்லடி.' வர்றேன்னு சொன்னவன் வராம, விடிஞ்சப்புறம் வந்து நிக்கிறான். இவ ராத்திரியெல்லாம் கண்ணு மூடல. தோழிகிட்ட, நான் தூங்கிட்டேன்னு போய்ச் சொல்லுங்கிறா."

"ஆமாம்."

"அதை மத்தப் பொண்ணுங்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கிட்டிருந்தேன். இவ பக்கத்து அறையில பானைக்குச் சாயம் பூசிக்கிட்டே கேட்டிருக்கா போல. ஒரு நாள் வந்து, 'டீச்சர், முழிச்சுக்கிட்டே தூங்கற மாதிரி நடிக்கணும், அதானே? அது எனக்கு வரும்'னா."

"ஆடிக் காட்டினாளா?"

"கண்ணை மட்டும் காட்டினா." மாதங்கி தன்னை அறியாமல் சிரித்தாள். "மூடின கண்ணுக்குள்ள கோவம் ஓடுது அக்கா. ஒரு இமை லேசா தூக்கி, அவன் போயிட்டானான்னு பாக்கறா. போயிடக்கூடாதேன்னு பாக்கறா. நானே திகைச்சுட்டேன்."

"நீ என்ன சொன்ன?"

"நல்லதாத்தான் சொன்னேன். 'இதை யாரு வேணா ஆடலாம் சுகந்தி. ஊருணிய உன்னாலதான் ஆட முடியும்'னேன். பெருமையாத்தான்…"

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள்.

வடிவாம்பாள் அவளைப் பார்க்கவில்லை. கழியைத் தரையில் வைத்தாள்.

"புவனகிரிக்குச் சிதம்பரம் போய் மாறணும்" என்றாள். "கூட்டம் ஏறறதுக்கு முன்னாடி கிளம்பு."

சுகந்தியின் வீடு மேல்புவனகிரியில் காலனி முதல் தெருவில் இருந்தது. காரை வீடு, நீலச் சுண்ணாம்பு, மாடியில் கட்டி முடிக்காத ஓர் அறை. அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்.

கதவைத் திறந்தது சுகந்தியின் அம்மா ராசம்மாள்.

"வாங்க. அவ மாடியில துணி காயப்போடுறா. உக்காருங்க."

நாற்காலி போட்டாள். உள்ளே போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"குடிங்க. குழாய்த் தண்ணிதான். நான் கல்யாணமாகி வந்த வருசத்துலேர்ந்து இந்த வீட்டுல குழாய் இருக்கு."

மாதங்கி செம்பை வாங்கினாள்.

"எங்க பொண்ணுக்குக் குடிக்கத் தண்ணியில்லன்னு ஊரு ஊரா சொன்னீங்களாமே?"

மாதங்கி செம்பை வாய்வரை கொண்டுபோனாள். அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"குடிங்க, குடிங்க. கேக்கணும்னு தோணுச்சு, கேட்டேன்." ராசம்மாள் எதிரில் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய ஆரம்பித்தாள். "நடக்காதது இல்ல. என் மாமியாருக்கு நடந்திருக்கு. பானையத் தட்டிவிட்டு உடைச்சிருக்காங்க. எனக்குச் சொன்னாங்க. ஒரே ஒரு தடவைதான் சொன்னாங்க. அதுக்கப்புறம் நானே கேட்டாலும் சொல்லமாட்டாங்க."

கீரைக் காம்பு ஒன்றை ஒடித்துப் போட்டாள்.

"இவ தெனமும் சொல்லிக்கிட்டிருந்திருக்கா."

மாதங்கி தண்ணீரைக் குடித்தாள்.

சுகந்தி ஈரக் கையோடு இறங்கி வந்தாள். மாதங்கியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. உடனே ஜாக்கிரதையாயிற்று.

"என்ன டீச்சர், போன்கூடப் பண்ணாம?"

"பண்ணா 'நல்லா இருக்கீங்களா'ம்பே."

"நல்லா இருக்கீங்களா?"

"இல்ல."

சுகந்தி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஆண்டுவிழா ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறேன் என்றாள். சினிமாப் பாட்டுத்தான், ஆனால் பிள்ளைகள் குதிக்கிற குதிக்கு வீடு வந்தால் தூக்கம் அள்ளிக்கொண்டு போகிறது என்றாள்.

"ஊருணிக்கு ஆள் கெடச்சாச்சா டீச்சர்?"

"ஆட்டத்தையே நிறுத்திட்டேன்."

"அய்யோ, ஏன்? நல்ல ஆட்டம்."

"நல்ல ஆட்டம்தான். மறிக்கிற நாலு பேருக்கு முகமூடி குடுத்துட்டு உனக்கு மட்டும் முகத்தக் குடுத்தேன். அந்த முகமூடியக் கழட்டிட்டு நானும் என் பொண்ணுங்களும் மறிக்கிறவங்கள ஒழுங்கா ஆடக் கத்துக்கணும் மொதல்ல. அதுக்கப்புறம்தான் திரும்ப ஊருணி."

"உங்களுக்கு அது ஒண்ணும் கஷ்டமா இருக்காது" என்றாள் ராசம்மாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அம்மா!"

"என்னடி, தைரியம்தானே சொல்றேன்?"

மாதங்கி சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் வலித்தது. வலி சரியான இடத்தில் இருந்தது.

"சுகந்தி, அந்தப் பதம் கேட்டியே."

சுகந்தி ஆய்ந்த கீரையை ஒன்றாகச் சேர்த்துக் குவித்தாள். குவித்ததைக் கலைத்தாள்.

"எந்தப் பதம்?"

"உனக்குத் தெரியும்."

"அது எப்பவோ கேட்டது டீச்சர்."

"அதை ஆட வா. ஊருணிக்கு வேண்டாம். அதுக்கு மட்டும் வா."

"யாரு வேணா ஆடலாமே அதை?"

மாதங்கி தலை குனிந்தாள். பிறகு நிமிர்ந்து சுகந்தியின் கண்ணைப் பார்த்தாள்.

"ஆமாம். யாரு வேணா ஆடலாம்."

வெளியே ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு தெருவைக் கடந்து போயிற்று. ராசம்மாள் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஆனால் உள்ளே போகாமல் கதவோரம் நின்றுகொண்டாள்.

"மேடையில என்னைப் பத்தி என்னன்னு சொல்லுவீங்க?" என்றாள் சுகந்தி.

மாதங்கி வாயைத் திறந்தாள். பழகிய வரி நாக்கு நுனிக்கு வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டாள். மறுபடி திறந்தாள்.

"சுகந்தின்னு சொல்லுவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் பாட்டு."

"வேற ஒண்ணும் சொல்லமாட்டீங்க?"

"ஒண்ணும் சொல்லமாட்டேன்."

சுகந்தி எழுந்தாள். நாற்காலியைச் சுவரோரம் தள்ளினாள். துணி உலர்த்தி ஈரமாகியிருந்த கொசுவத்தை உதறி, இடுப்பில் இறுக்கிச் செருகினாள்.

"அப்போ பாடுங்க."

மாதங்கி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தாளம் போடத் தொடையில் கை வைத்தாள். கண்ணை மூடினாள்.

வரி வரவில்லை. எத்தனையோ வருஷமாக அவள் அதைத் தனக்காகப் பாடியதில்லை. சரணம் நினைவிருந்தது. நடுவில் ஒரு சங்கதிகூட நினைவிருந்தது. எங்கே தொடங்குவது என்பதுதான் மறந்துபோயிருந்தது.

சுகந்தி எடுத்துக்கொடுத்தாள்.